வானொலி வாரமும் கோவளங் கரையும்

சங்கீதம் என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே நம்மவர் நினைவிற்கு வருவன சென்னை மாநகரத்துச் சபைகளும், மார்கழித் திங்களில் அவற்றின் வாயில்களில் நெருங்கி நிற்குங் கூட்டமுமேயாம். ஆயின் சபைக்குச் செல்ல வண்டி வேண்டும், சீட்டு வேண்டும், மாலைப் பொழுது முழுவதும் ஒழிவு வேண்டும். இம்மூன்றும் இல்லாதவர் நம் நாட்டிற் பெரும்பாலர். அவர்கட்கும் அவ்விசையைக் கொண்டு சேர்ப்பது வானொலி என்று பல காலமாகச் சொல்லி வருகின்றோம். அச்சொல் எத்துணை உண்மை என்பதை, ஒரு வாரத்து இசை நிகழ்ச்சிகள் எவ்வாறு வகுக்கப்படுகின்றன என்பதைக் கொண்டும், அவ்வாரம் ஒரு கடற்கரைச் சிற்றூரிற் சென்று சேரும் வகையைக் கொண்டும் ஆராய்ந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொண்ட ஊர் கோவளம்.

கோவளம் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மாமல்லபுரஞ் செல்லுஞ் சாலையில் உள்ளது. அதன் வடபால் முட்டுக்காட்டுக் கழி. கீழ்பால் வங்கக் கடல். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்டெண்டு வணிகக் குழுவினர் தங்கி வாணிகஞ் செய்ததும், ஆர்க்காட்டு நவாபு கோட்டை கட்டியதும், 1752-ஆம் ஆண்டில் கிளைவு அதனைக் கைப்பற்றியதும் வரலாறு படித்தோர் அறிவர். இன்று அவ்வூரில் நிலைத்து நிற்பன வேறு. 1808-ஆம் ஆண்டில் எழுந்த கார்மேல் மாதா கோயிலும், தமீம் அன்சாரி அவர்களின் தர்காவும் அங்கே உள. தெற்கே நடக்குந் தொலைவில் திருவிடந்தை நித்திய கலியாணப் பெருமாள் கோயில். மேற்கே உள்நாட்டிற் புகுந்தால் திருப்போரூர்க் கந்தசாமி கோயில். ஆகவே நாகசுரமும் தவிலும் இக்கரையார் செவிக்குப் புதியன அல்ல. கரைவலை இழுக்குங்கால் ஒருவர் முன்பாடப் பலர் பின்பாடும் அம்பாப் பாட்டும் அவர்க்கு உண்டு. இசையறியா மக்களிடத்து இசையைக் கொண்டு சென்றோம் என்று எவரேனும் பெருமை பேசுவாராயின், அவர் இக்கரையில் ஒரு வைகறைப் பொழுதேனும் நின்று கேட்டிலர் என்க.

இனி, வானொலி நம் மாகாணத்திற்கு வந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். இந்திய அரசாங்கத்தார் இதிற் கை வைப்பதற்கு முன்னரே, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பாரின் முயற்சியாற் சென்னை மாகாண ரேடியோ சங்கம் 1924-ஆம் ஆண்டிற் றோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் முதல் 40 வாட்டு ஆற்றலே உடைய கருவியொன்றினால் அஃது ஒலிபரப்பிற்று. நம் வீட்டு விளக்கொன்று உண்ணும் மின்சாரம் அவ்வளவே என்பதை நினைத்தால், அம்முயற்சியின் துணிவு விளங்கும். பொருள் முட்டுப்பாட்டினால் 1927-இல் அச்சங்கம் நின்றது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை நகராண்மைக் கழகத்தார் 1930-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் தொடங்கி மாலைதோறும் ஒலிபரப்பினர். கடற்கரை முதலிய பொதுவிடங்களில் ஒலிபெருக்கிகளை அமைத்து, காற்று வாங்க வந்தோரெல்லாம் கேட்குமாறு செய்தமை அவர்தஞ் சிறப்பு. சீட்டில்லாச் சங்கீதசபை நம் நாட்டில் முதன்முதல் மணலின்மேற்றான் கூடிற்று என்று சொன்னால் மிகையாகாது.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் எழும்பூரில் திறக்கப்பெற்றது. அன்று திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளை அவர்களின் நாகசுரம் ஒலித்தது. மறு ஆண்டு மே 16-ஆம் நாள் திருச்சிராப்பள்ளி நிலையமும் எழுந்தது. சென்னை நிலையத்திற்கு அப்பொழுது அமைந்த கருவிகள் இரண்டு. மத்திய அலையில் 250 வாட்டு ஆற்றலுடையது ஒன்று. சிற்றலையில் 10 கிலோவாட்டு ஆற்றலுடையது மற்றொன்று. முன்னது நகரத்தார்க்கும் பின்னது தொலைவிலுள்ளார்க்கும் என்பது ஏற்பாடு.

இவ்விடத்து, அலைகள் செல்லும் வழியைச் சிறிது விளக்குதல் வேண்டும். கடற்கரையார்க்கு இதில் ஒரு தனிப்பேறு உண்டு. மத்திய அலையானது பகலில் நிலத்தை ஒட்டியே செல்லும். நிலம் வறண்டதாயின் அலையின் வலியை விரைவிற் குடித்துவிடும். உப்புநீரோ மின்சாரத்தை எளிதிற் கடத்தும் இயல்பினது. ஆதலின் கடலின்மேற் செல்லும் அலை நெடுந்தொலைவு மெலியாது செல்லும். இரவில் இன்னொன்றும் நிகழ்கின்றது. வானின் உயரத்தே ஞாயிற்றின் ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகள் பல உள. அவற்றுட் கீழடுக்கு பகலில் மத்திய அலையை விழுங்குகின்றது. ஞாயிறு மறைந்ததும் அவ்வடுக்குக் கலைந்துபோக, அலை மேலே சென்று மேலடுக்கிற் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் விழுகின்றது. இக்காரணத்தால், 1960-ஆம் ஆண்டுகளில் கையடக்கமான டிரான்சிஸ்டர்ப் பெட்டி பரவிய பின்னர், உள்நாட்டுச் சிற்றூரிலிருந்தவர்க்குக் கரகரத்த ஒலி, கட்டுமரத்தின்மேல் இருந்தவர்க்குத் தெளிவாகக் கேட்கலாயிற்று. அதே காரணத்தால் இலங்கை வானொலியும் சோழமண்டலக் கரை நெடுகிலும் அண்டை வீட்டார் பேச்சுப்போற் கேட்டது. இப்பின்னதனால் விளைந்ததைப் பின்னர்க் கூறுவோம்.

அலை வந்து சேர்ந்தது. அதில் ஏறி வந்த சங்கீதம் எத்தகையது? சபையிற் கேட்பதுதானே என்பர் சிலர். அன்று. பழைய கச்சேரி நான்கு மணிநேரமும் அதற்கு மேலும் நடக்கும். வித்துவான் ஓர் இராகத்தை விரிக்கத் தொடங்கினால் கடிகாரத்தை நோக்கும் வழக்கமில்லை. சபையோரின் முகமே அவர்க்குக் கடிகாரம். அரியக்குடி இராமாநுச ஐயங்கார் அவர்கள் வர்ணத்திற் றொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள் சில பாடி, இடையே அளவான ஆலாபனைகளும், நடுநாயகமாக இராகந் தானம் பல்லவியும், இறுதியிற் சில்லறை உருப்படிகளுமாக ஒரு கட்டுக்கோப்பை வழக்கிற்குக் கொணர்ந்தார். அக்கட்டுக்கோப்பிற்குங் கூட மூன்று மணிநேரமேனும் வேண்டும். மற்றொரு பக்கத்தில் கிராமபோன் தட்டு இருந்தது. அதன் ஒருபுறம் மூன்று நிமிடங்கள் அல்லது சிறிது மிகையே ஓடும். ஆதலின் ஆலாபனை என்பது தட்டில் வெறுங் கோலமாயிற்று. இவ்விரண்டிற்கும் நடுவே வானொலி வந்து அரைமணி, ஒருமணி, ஒன்றரைமணி என்னும் அளவுகளை வகுத்தது.

இவ்வளவுகள் வித்துவான்கட்கு முதலிற் பெருந்துன்பமாயிருந்தன என்பது வியப்பன்று. தொடக்க காலத்தில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரே பாடப்பட்டு அப்பொழுதே ஒலிபரப்பப்பட்டன. சுவரிற் கடிகாரம், எதிரே செவ்விளக்கு, தலையசைத்துச் சபாஷ் சொல்ல ஒருவருமில்லை. அரைமணி நேரத்தில் ஒரு வர்ணம், ஒரு சிறு கீர்த்தனை, ஆலாபனையோடு கூடிய ஒரு பெரிய கீர்த்தனை, மிருதங்கத்தார்க்குத் தனியாவர்த்தனம் என்று கணக்கிட்டால், எங்கேனும் ஒன்று குறைந்தே தீரும். பெரும்பாலும் குறைந்தது தனியாவர்த்தனமே. தாள வாத்தியக்காரர் மனம் புழுங்கியதும் நியாயமே. எனினும் இந்நெருக்கத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. வேண்டாத சுழற்றலை விட்டு இராகத்தின் உயிரான பிடிகளை முதலிரண்டு நிமிடங்களிலேயே காட்டவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. கேட்போன் முகங் காணாத பாடகன் அவன் காதை உடனே பற்றியாக வேண்டுமன்றோ?

ஒலிவாங்கி செய்த மாறுதல் இதனினும் பெரிது. அது வருமுன் கூடத்தின் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு உரத்த சுருதியிற் பாட வல்லவரே பாடகராய் விளங்கினர். ஒலிவாங்கி வந்த பின்னர், தாழ்ந்த சுருதியில், மெல்லிய கமகங்களையும் விட்டுவிடாமற் பாடுவோர்க்கு இடங் கிடைத்தது. பெண்டிர் குரல்களுக்கும் புல்லாங்குழல் வீணைகட்கும் வாழ்வு வந்தது. வீணை தனம்மாள் தம் இல்லத்திற் சிலர் நடுவே வாசித்த வாசிப்பு, அடுத்த அறையிலிருப்போர்க்கும் எட்டாத நுண்மையுடையது என்பர். சென்னை நிலையம் பிறந்த அதே 1938-ஆம் ஆண்டில் அவ்வம்மையார் மறைந்தமை, இக்கருவி வாய்க்கவேண்டிய கைக்குச் சற்றே பிந்தி வந்தது என்று நம்மை எண்ணச் செய்கின்றது. ஒலிவாங்கியை எல்லாரும் வரவேற்றார் என்பதும் இல்லை. பாலக்காடு மணி ஐயர் அவர்கள் கச்சேரி மேடையில் ஒலிபெருக்கியின்றியே வாசிப்பதென்று சில காலம் உறுதியாய் நின்றார். மிருதங்கத்தின் வலந்தலைக்கும் இடந்தலைக்கும் உள்ள ஒலியொப்பைக் கருவி கெடுக்கின்றது என்று எண்ணும் ஒருவர்க்கு அவ்வுறுதி இயல்பே.

ஒரு தனி நிகழ்ச்சியின் இயல்பு இது. ஆனால் வானொலிக்காரர் எண்ணுவது நிகழ்ச்சியையன்று, வாரத்தை. சபைக்காரர் ஒரு நாளைக்கு ஒரு வித்துவானைத் தேடினால் போதும். வானொலி நிலையத்தார்க்கோ ஏழு நாளும், காலை நண்பகல் இரவு என்னும் வேளைதோறும் ஆள் வேண்டும். வாய்ப்பாட்டு அடுத்தடுத்து வந்தால் சலிக்கும். ஆதலின் இடையே வீணையும் வயலினும் குழலும் நாகசுரமும் வேண்டும். நேற்றுப் பாடிய இராகமே இன்றும் முதன்மையாக வந்தால் குறைகூறுவோர் உளர். பூபாளமும் பௌளியும் விடியலுக்கு, நீலாம்பரி இரவிற்கு என்னும் பழைய வழக்கையும் மீறலாகாது. இவற்றையெல்லாம் பொருத்தி வகுத்த அட்டவணை, ‘வானொலி’ என்னும் பெயருடைய நிகழ்ச்சியிதழில் முன்னரே அச்சாகி வந்த காலம் ஒன்றுண்டு. சங்கீதப் பித்துடையார் அதனைப் பஞ்சாங்கம்போற் பேணிச் சிவப்பு மையாற் கோடிட்டு வைப்பர்.

இவ்வாறு தொடுக்கப்பட்ட வாரத்திற்குச் சபையின் கச்சேரிக்கு இல்லாத ஓர் ஆற்றல் உண்டு என்பது எம் கருத்து. அதனை ஓர் எடுத்துக்காட்டாற் கூறுவோம். திங்கட்கிழமை காலை ஒருவர் சங்கராபரணம் பாடுகின்றார் என்று கொள்வோம். மேளகர்த்தா வரிசையில் அது 29-ஆவது. செவ்வாயன்று மாலை வீணையிற் கல்யாணி. அது 65-ஆவது. இவ்விரண்டிற்கும் இடையே 36 எண்கள் உள்ளமையின் இரண்டும் வெகு தொலைவு என்று எண்ணற்க. ஏழு சுரங்களில் ஆறு சுரங்கள் இரண்டிற்கும் பொது; மத்திமம் ஒன்றே வேறு. முன்னதில் சுத்த மத்திமம். பின்னதில் பிரதி மத்திமம். 72 மேளங்களில் முதற் பாதிக்கும் பிற்பாதிக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் இவ்வொரு சுரத்தின் இடமாற்றமே. இதனை நூலிற் படித்து மறப்பவர் பலர். திங்களன்று கேட்டதன் ஒலி செவியில் நிற்கச் செவ்வாயன்று மற்றதைக் கேட்பவன், எழுத்தறியாதவனாயினும், ‘நேற்றையது நேரே சென்றது, இன்றையது ஓரிடத்தில் நிமிர்ந்து நிற்கின்றது’ என்று தானே உணர்வான். புதன்கிழமை இரவு நீலாம்பரி ஒலிக்கின்றது. அது சங்கராபரணத்தின் வயிற்றிற் பிறந்தது. தேவாரப் பண்களுள் மேகராகக் குறிஞ்சி என்பதை ஓதுவார்கள் இவ்விராகத்திலேயே பாடுவர். நம் தாய்மாரின் தாலாட்டும் பெரும்பாலும் இதன் சாயலே. வியாழனன்று குழலில் மோகனம். ஐந்தே சுரங்களால் ஆன இது போன்ற அமைப்பு சீன நாட்டிலும் ஸ்காத்துலாந்து மலைகளிலும் கூட உண்டு. வெள்ளியன்று காலை நாகசுரத்தில் மறுபடியுங் கல்யாணி. ஆனால் வீணையிற் கேட்ட கல்யாணியன்று, தெருவையே நிரப்புங் கல்யாணி. சனிக்கிழமை இரவு ஒன்றரை மணிநேரம் விரிவான பல்லவி. இத்தகைய வாரத்தை ஒருவன் முழுவதுங் கேட்பானாயின், அவ்வாரமே ஒரு நெடுங்கச்சேரியாகவும் அதே வேளையில் ஒரு பாடமாகவும் அமையும். எந்தச் சபையும் ஓரிரவில் இத்துணைக் கருவிகளையும் குரல்களையும் நிரல்பட நிறுத்திக் காட்டவியலாது.

ஆனால் இப்பாடம் ஒருவன் கேட்டால் அமையும் என்றோமே, அவன் கேட்கின்றானா? இங்கேதான் கோவளத்திற்கு மீள்கின்றோம்.

பொதுவாகச் சொல்லப்படும் விடை, ‘சாஸ்திரீய சங்கீதம் கடினம்; பாமரர் விரும்பார்’ என்பது. இவ்விடையை ஏற்றுக்கொண்டு அவ்விருப்பத்தை மேலிருந்து ஊட்ட முயன்றவர், 1952 முதல் 1962 வரை மத்திய அரசாங்கத்தில் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர் அவர்கள். அவர் காலத்தில் வானொலியின் இசை நேரத்திற் பெரும்பகுதி சாஸ்திரீய சங்கீதத்திற்கு ஒதுக்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கிற்று. வடநாட்டு வித்துவான் பாடுவதைத் தென்னாட்டாரும், தென்னாட்டு வித்துவான் பாடுவதை வடநாட்டாரும் ஒரே வேளையிற் கேட்க வகை செய்த அந்நிகழ்ச்சி போற்றத்தக்கதே. 1954 முதல் ஆண்டுதோறும் வானொலி சங்கீத சம்மேளனமும் நடைபெறலாயிற்று. ஆனால் அதனோடு சினிமாப் பாட்டுக்களை ஏறக்குறைய நாடு கடத்தியதும் நிகழ்ந்தது. விளைவு யாது? நாம் முன்னர்க் கூறிய கடலும் இரவு வானமும் தம் வேலையைச் செய்தன. கேட்போர் பெட்டியின் முள்ளைச் சிறிது திருப்பினர். இலங்கை வானொலி வந்து நின்றது. 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் விவிதபாரதி என்னும் தனி அலைவரிசையைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுக்களுக்கு இடந் தந்தபிறகே போனவருட் சிலர் திரும்பினர். விருந்தினன் கையைப் பிடித்து இலையில் அமர்த்தியவர், வாயிற்கதவைத் தாழிட மறந்தார்.

இதற்கு முன்னரும் அத்தகைய கட்டளை ஒன்று உண்டு. ஆர்மோனியத்தின் கட்டைகள் நம் கமகங்களையும் நுண்சுருதிகளையும் தரமாட்டா என்னுங் காரணத்தால் 1940-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளிலிருந்து அக்கருவி வானொலியில் விலக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்தே அத்தடை தளர்ந்தது. இலக்கண நோக்கில் அக்காரணம் பொய்யன்று. ஆயினும் நாடக மேடையிலும், பஜனைக் கூடத்திலும், கடலோரத்துத் தேவாலயங்களிலும் மக்கள் சங்கீதத்தை முதன்முதற் கேட்டது அக்கட்டைகளின் வழியேயாகும்.

மொழியின் சிக்கலோ இவற்றினும் பழைமையானது. 1941-ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திற் கூடிய தமிழிசை மகாநாட்டின் காலத்திலேயே, கச்சேரிகளில் மட்டுமன்றி வானொலியிலும் தமிழ்ப்பாட்டிற்கு உரிய இடம் வேண்டும் என்னுங் கோரிக்கை எழுந்தது. 1943-இற் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பெற்றது. அப்பூசல் பலவாறு பேசப்பட்டுவிட்டமையின் இங்கே விரிக்கவில்லை. ஒன்று மட்டும் குறிப்போம். கிறிஸ்தவர் இச்சங்கீதத்திற்குப் புறத்தார் என்று எண்ணுவோர் நம் கல்லூரியிலும் உளர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக இராகங்களிற் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இயற்றிக் குவித்தவர். மாயூரத்து முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை எல்லாச் சமயத்தாரும் ஒருங்கு பாடத்தக்க கீர்த்தனைகளைச் செய்தவர். ஆபிரகாம் பண்டிதர் 1917-ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டுத் தமிழிசையின் சுருதிக் கணக்கை ஆராய்ந்தவர். கார்மேல் மாதாவின் திருநாளாகிய ஜூலை 16-ஆம் நாள் கோவளத்திற் கூடுவார் செவிகளுக்கு இராகம் என்பது அயல்நாட்டுப் பண்டமன்று.

அங்ஙனமாயின் கரையார் கேளாமைக்குக் காரணம் யாது? சங்கீதத்தின் கடுமையன்று, வேளையின் பொருத்தமின்மையே முதற் காரணம் என்பது எம் துணிபு. கட்டுமரக்காரர் விடியற்குமுன் கடலேறுவர். பொழுது ஏறக் கரை திரும்புவர். மீனை விலைப்படுத்துவதும் பங்கிடுவதும் முடிய உச்சிப் பொழுதாகும். உண்டு இளைப்பாறியபின், பிற்பகலில், நிழலில் அமர்ந்து வலையின் கிழிசலைப் பொத்துவர். இருட்டியவுடன் உறங்குவர்; மறுபடியும் மூன்று மணிக்கு எழவேண்டுமன்றோ? இனி வானொலியின் வாரத்தை இதனோடு ஒட்டிப் பாருங்கள். விடியற்கால மங்கல நாகசுரம் ஒலிக்குங்கால் அவர் அலைகளின் நடுவே கையில் துடுப்போடு இருப்பர். அலுவலகஞ் செல்வோர்க்காக வகுத்த காலைப் பாட்டு முடியுங்கால் அவர் கரையேறிக்கொண்டிருப்பர். தேசிய இசை நிகழ்ச்சி நெடுங்காலம் சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிவரை நடந்தது. அவ்வேளையில் கோவளத்துக் குப்பத்தில் விழித்திருப்பவை நாய்களே. நாட்டின் மிகச் சிறந்த ஒன்றரை மணிநேரச் சங்கீதம், மறுநாள் விடுமுறையாக உடைய நகரத்தான் ஒருவனை நினைத்தே வகுக்கப்பட்டது. சீட்டில்லாச் சபைக்கும் வாயில் ஒன்று இருந்தது; அவ்வாயிலுக்குக் கடிகாரமே காவலாளன்.

நிலையத்தார் கடற்கரையாரை அறவே மறந்தார் என்பதும் அன்று. காற்று, மழை, புயல் பற்றிய எச்சரிக்கைகள் மீனவர்க்கென்றே சொல்லப்பட்டு வந்தன. பல உயிர்களை அவை காத்தன. ஆனால் புயலறிவிப்பிற்கு அவர் வேளையைக் கருதியவர் கல்யாணிக்குக் கருதவில்லை. அவர்க்கு வேண்டுவது செய்தி, நமக்கு வேண்டுவது சங்கீதம் என்று எவரோ பங்கு பிரித்துவிட்டார் போலும்!

மற்றொரு வகையில் வானொலி ஊர்ப்புறத்தார்க்குச் செய்த பேருபகாரத்தையும் மறைத்தலாகாது. பாடுவோரைத் தேர்ந்தெடுக்கக் குரற்றேர்வு முறை ஒன்று 1950-ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் நிலைபெற்றது. தேர்வாளர் ஒருபுறம் இருந்து கேட்க, பாடுவோர் பெயரும் முகமும் மறைக்கப்படும். தேறியவர்க்குத் தரம் வகுத்து அதற்கேற்ப ஊதியம் அளிப்பர். மூத்த வித்துவான்கள் சிலர் இதனை அவமதிப்பாகக் கருதினர். அவர் கருதியதிலும் பொருளுண்டு. ஆயின், ஜமீன்தாரின் ஆதரவு வற்றியும் கோயில் மானியங்கள் சுருங்கியும் போன காலத்தில், சபைகளின் வாயிலையே அறியாத ஒரு நாகசுரக்காரர், தம் குழலொன்றையே சாட்சியாகக் கொண்டு அரசாங்கத்து ஊதியம் பெற்றமை இம்முறையாலன்றோ? வாரத்தின் அத்துணை வேளைகளையும் நிரப்பவேண்டிய பசியே நிலையத்தாரைச் சிற்றூர்களின் பக்கம் திருப்பிற்று.

இக்காலத்து நிலையையும் கூறவேண்டும். 2016-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் ‘ராகம்’ என்னும் அலைவரிசையை ஆகாசவாணியார் தொடங்கினர். இந்துஸ்தானியும் கர்நாடகமும் இருபத்துநான்கு மணிநேரமும் அதில் ஒலிக்கின்றன, கைப்பேசியிற் கேட்கலாம். வேளையென்னுங் காவலாளன் ஒழிந்தான் என்று மகிழலாம். ஆனால் எந்நேரமும் ஒலிப்பது எந்நேரமும் ஒத்திவைக்கத் தக்கதாகவும் ஆகிவிடுகின்றது. வியாழக்கிழமை குழலுக்காகக் காத்திருந்தவன் காத்திருந்ததனாலேயே கேட்டான். பக்கத்து வீட்டானும் அதையே கேட்டான். மறுநாள் இருவரும் அதைப்பற்றிப் பேச இயன்றது. நாளும் வேளையுங் குறித்த வாரத்தின் பயன் அது.

ஆகவே வேண்டுவது வாரத்தை ஒழிப்பதன்று. கரையாரின் நாளை அறிந்து வாரத்தைப் பின்னுவதே. பிற்பகல் இரண்டரை மணிமுதல் அரைமணி நேரம், வலை பொத்துவார் கேட்குமாறு, நாள்தோறும் ஓர் இசை. தொடக்கத்தில் ஒரு நிமிடம், இராகத்தின் பெயரும், பாட்டின் பொருளும், நேற்றைய இராகத்திற்கும் இதற்கும் உள்ள உறவும், எளிய தமிழில். வேறொன்றும் வேண்டா. மொழி தெரியாத கீர்த்தனையும் பொருள் தெரிந்தவுடன் பாதி நம்முடையதாகிவிடுகின்றது. அவ்வாரத்தின் ஏதேனும் ஒருநாள், வித்துவான் அமரும் அதே இடத்தில், அதே அரைமணியில், கரைவலைக்காரரின் அம்பாப் பாட்டையும் ஒலிக்கச் செய்யலாம். ‘நாட்டுப்புற நிகழ்ச்சி’ என்று தனிக்கூண்டில் அடைத்தன்று. அதன் தாளக்கட்டு யாது, முன்பாட்டும் பின்பாட்டும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன, கயிற்றின் இழுப்பிற்கும் சொல்லின் அழுத்தத்திற்கும் உள்ள இயைபு யாது என்று, பல்லவியை விளக்குவார் போலவே ஒருவர் விளக்கி வைத்து. நம் கல்லூரி மாணவருட் சங்கீதப் பயிற்சியுடையார் சிலரும் கடற்கரையூர்களிலிருந்து வருவார் சிலரும் ஆண்டுதோறும் உளர். ஒலிப்பதிவுக்கருவி இப்பொழுது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. கோவளத்தில் வலை இழுக்குங்கால் சென்று பதிந்து, சொற்களை எழுதி, தாளத்தைக் குறித்து, கரையாரின் இசைவும் பெற்று நிலையத்திற்கு அனுப்புதற்கு ஒரு கோடை விடுமுறை போதும். பங்குனி முதல் ஆனி வரை பெரும்பாலும் கடல் அமைந்திருக்கும்.